பூசலார் நாயனாரும் மறைந்து வாழும் நல்லோரும்

பூசலார் நாயனார் சைவ அடியார்கள் 63 பேரில் ஒருவர். ஆவடிக்கு மேற்கே, சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையில் உள்ள திருநின்றவூர் இவருடைய ஊர். 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் இயற்றிய சேக்கிழார் இவர் வரலாற்றைப் பாடியுள்ளார். சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும் பூந்தமல்லிக்குப் பக்கத்து ஊர்தான்.

சிவனுக்குக் கோயில் கட்ட விரும்பிய பூசலாருக்கு எங்கு தேடியும் பொருள் கிடைக்கவில்லை. எனவே மனத்திலேயே கட்டத் தொடங்கினார். கல், மரம், தச்சர் என எல்லாவற்றையும் நினைவிலேயே திரட்டி, நல்ல நாள் பார்த்து, இரவிலும் உறங்காமல் வேலை செய்தார். அடித்தளம், சிகரம், சுதைவேலை, கிணறு, மதில், குளம் எதையும் விடவில்லை. மனக்கோயில்தானே என்று ஒரே நாளில் முடித்துவிடாமல் நெடுநாள் உழைத்தார் என்பது கவனிக்கத்தக்கது.

அதே காலத்தில் காஞ்சியில் காடவர் மன்னன் பெரும்பொருள் செலவிட்டுக் கற்கோயில் எடுத்திருந்தான். குடமுழுக்குக்கு முந்தைய இரவு சிவன் அவன் கனவில் தோன்றினார். நின்றவூரில் பூசலார் கட்டிய கோயிலில் நாளை புகப்போவதால், விழாவை வேறு நாளில் வைத்துக்கொள்ளுமாறு கூறினார். மன்னன் நின்றவூர் வந்து விசாரித்தான். பூசலார் இங்கே கோயில் எதுவும் கட்டவில்லை என்றனர் ஊரார். மன்னன் நேரில் சென்று கேட்ட பிறகே உண்மை வெளிப்பட்டது. அவரை வணங்கித் திரும்பினான். அவன் இராசசிம்ம பல்லவன் என்றும், அக்கோயில் 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுந்த கைலாசநாதர் கோயில் என்றும் ஆய்வாளர் பலர் கருதுவர்.

பக்கத்து வீட்டாருக்கும் தெரியாமல் வாழும் இத்தகைய நல்லோரைப் பற்றி யூத மரபில் ஒரு விரிந்த நம்பிக்கை உண்டு. இறைவனின் திருமுன்னிலையைக் காணும் நல்லோர் தலைமுறைதோறும் 36 பேருக்குக் குறையாமல் உள்ளனர் என்று பாபிலோனியத் தல்மூதில் அபாயே என்னும் அறிஞர் கூறுகிறார். எபிரேய எழுத்துகள் எண்களாகவும் வழங்கும். லாமெத் 30, வாவ் 6. அதனால் இவர்களை 'லாமெத் வாவ்' நல்லோர் என்பர். இவர்கள் மறைந்து வாழ்பவர்கள் என்ற கருத்து பிற்காலத்தில் வளர்ந்தது. கிழக்கு ஐரோப்பாவின் ஹசிதியக் கதைகளில் இவர்கள் செருப்புத் தைப்பவராகவும் தண்ணீர் சுமப்பவராகவும் வருவார்கள். உலகம் இவர்களால் நிற்கிறது. யாரும் அவர்களுள் ஒருவராக இருக்கலாம் என்பதால், எந்த எளியவரையும் இகழ முடியாது. தாம் அவர்களுள் ஒருவர் என்பது அவருக்கே தெரியாது என்றும் சொல்வதுண்டு. அடையாளம் வெளிப்பட்டால் அவர் பணி முடியும்; அவ்விடத்துக்கு இன்னொருவர் வருவார்.

உலகைத் தாங்கும் பொறுப்பைச் சேக்கிழார் பூசலாருக்குத் தரவில்லை. நல்லோரால் உலகம் நிலைபெறுகிறது என்ற எண்ணம் தமிழில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியின் புறநானூற்றுப் பாடலில் (182) உள்ளது. மன்னன் வந்து கண்டறிந்த பின்னும் பூசலார் குறித்த வேளையிலேயே தம் மனக்கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்து, இறுதிவரை அங்கேயே வழிபட்டார்.

இன்று திருநின்றவூரில் உள்ள கோயிலின் இறைவன் பெயர் இருதயாலீசுவரர். கருவறையில் பூசலாரின் உருவமும் உள்ளது.