உங்க கடை லாபம் குப்பைத் தொட்டிக்குப் போகுதா? திருநகர் டிபன் கடைகளுக்கு ஒரு கணக்கு!

திருநகர்ல டிபன் கடையோ கிளவுட் கிச்சனோ நடத்துறவங்ககிட்ட வாடகை, கேஸ், மாஸ்டர் சம்பளம் எவ்வளவுன்னு கேட்டா டக்குனு சொல்லிடுவாங்க. 'குப்பையில எவ்வளவு போகுது?'ன்னு கேட்டா பதில் வராது.

கணக்கு சிம்பிள். தினமும் 100 ரூபாய்க்கு மாவும் சட்னியும் மிஞ்சிக் கொட்டுறதா வெச்சுக்கிட்டா, வருஷத்துக்கு 36,500 ரூபாய். அதை அள்ளுற செலவு தனி.

பிரிச்சா என்ன மாறும்?

பதில் பக்கத்துலயே இருக்கு. திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், தூக்கிப்போட்ட பிளாஸ்டிக்கைச் சாலை போடும் பொருளா மாத்தினவர். 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுக் காட்டினார். 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

முறை இதுதான்: நல்லா சூடாக்கின ஜல்லி மேல பிளாஸ்டிக் துகளைத் தூவினா, அது உருகிக் கல்லு மேல படியும். பிறகு தார் சேர்ப்பாங்க. ஒருவழிச் சாலையில் 1 கி.மீ.க்குச் சுமார் 1 டன் பிளாஸ்டிக் பயன்படும். கிட்டத்தட்ட அதே அளவு தார் மிச்சமாகும்.

ஆனா பிளாஸ்டிக் சுத்தமா, காய்ஞ்சு இருக்கணும். பி.வி.சி. கலக்கவே கூடாது, சூடேறினா நச்சு வாயு வரும். சாம்பாரில் ஊறின பால் பாக்கெட் வெறும் குப்பை, கழுவிக் காயவெச்ச பாக்கெட் மூலப்பொருள். அது எதுவா ஆகும்ங்கிறது உங்க கடைக்குள்ளேயே முடிவாகிடுது.

கடையில என்ன பண்ணலாம்?

• பழைய எண்ணெய்: திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு 2018 ஜூலை முதல் விதி இருக்கு. அந்த எண்ணெயைச் சாக்கடையில ஊத்தினா அடைப்பு. சின்னக் கடைகளுக்கு வித்தா, அது மறுபடியும் யாரோ ஒருத்தர் தட்டுக்குத்தான் வரும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'ரூகோ' திட்டத்துல அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் இதை வாங்கி பயோடீசல் ஆக்குறாங்க. அவங்ககிட்ட கொடுத்தா காசும் வரும்.

• ஈரக் கழிவு: வாழை இலை, காய்கறித் தோல், மிச்ச சாதம் எல்லாம் உரமாகும், சாண எரிவாயு மாதிரி கேஸாகவும் மாறும். உள்ள ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன் கிடந்தாலும் பிரிக்கிற வேலை ரெட்டிப்பாகும்.

• அட்டை, பாட்டில்: பழைய பேப்பர் கடையில எடைக்கு எடுப்பாங்க. நனைஞ்சு நாறிப்போன அட்டையை யாரும் சீந்த மாட்டாங்க.

• மிச்சக் கணக்கு: ராத்திரி என்ன மிஞ்சுச்சுன்னு தினமும் குறிச்சு வைங்க. செவ்வாய்க்கிழமை பொங்கல் ஓடலைன்னா, அடுத்த செவ்வாய் அளவைக் குறைங்க. கொட்டாத சாப்பாட்டை அள்ளுற செலவே கிடையாது.

இது கட்டாயமா?

ஆமா. ஓட்டல்கள் குப்பையைப் பிரிச்சுதான் கொடுக்கணும்னு 2016-லேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லிடுச்சு. நாளுக்குச் சராசரியா 100 கிலோவுக்கு மேல குப்பை வந்தா, நீங்க 'பெருமளவு கழிவு உருவாக்குபவர்'. பொறுப்பு இன்னும் கூடும்.

முதல்ல மூணு பக்கெட், ஒரு தராசு, ஒரு நோட்டு போதும். ஒரு வாரம் எடை போட்டு எழுதுங்க. எங்க காசு போகுதுன்னு அந்த நோட்டே காட்டிடும்.