புது லாரியின் சேசிஸில் ஏன் துளை போடக் கூடாது?

நாமக்கல் மாவட்டம் லாரி பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. வெறும் சேசிஸாக வரும் புது லாரி இங்குள்ள பட்டறைகளில்தான் முழு உருவம் பெறுகிறது. பாடியைச் சேசிஸோடு பிணைக்கும் விதம் வண்டியின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

சேசிஸின் நீளச் சட்டம் ஒவ்வொன்றும் ‘ப’வைப் பக்கவாட்டில் சாய்த்தது போன்ற எஃகு. பாரம் ஏறியதும் அது வளைகிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே மேல் விளிம்பு அமுங்க, கீழ் விளிம்பு இழுபடுகிறது. சட்டத்தின் நடு உயரத்தில் இந்த விசை ஏறக்குறைய இல்லை. விளிம்பில் துளையிட்டால், துளையின் ஓரத்தில் இழுவிசை சுமார் 3 மடங்காகக் குவியும். துளைக்குப் பதில் வெல்டிங் செய்தாலோ, அதன் சூடு எஃகின் பதத்தையே கெடுக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டியின் சேசிஸ் திருப்பத்துக்குத் திருப்பம் முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத கீறல் அப்படித்தான் வளர்கிறது. ஒரே பாரத்தில் அல்ல, ஆயிரக்கணக்கான முறுக்கல்களில்.

அதனால்தான் பாடியை யு-போல்ட்டால் கட்டுகிறார்கள். இறுக்கும்போது விளிம்பு நசுங்காதிருக்கச் சட்டத்தினுள் முட்டுக் கொடுக்கப்படும். இதைத் தவிர்ப்பது பெரிய பிழை. துளை தேவைப்பட்டே தீருமென்றால், தயாரிப்பாளர் அனுமதிக்கும் இடத்தில், சட்டத்தின் செங்குத்துப் பகுதியில் போடலாம். புது போல்ட்டுகள் முதல் ஓட்டங்களில் சற்றுத் தளரும். பாரம் ஏற்றி ஓடியபின் அவற்றை மறுபடி முடுக்க வேண்டும்.