மனத்திற்கு ஒரு சுமைதாங்கி

தலைச்சுமையுடன் நெடுவழி நடப்போர், பிறர் உதவியின்றித் தாமே சுமையை இறக்கி வைத்து இளைப்பாறும் பொருட்டு, நம் முன்னோர் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நாட்டினர். அக்கல் சுமையைக் குறைப்பதில்லை. சிறிது நேரம் அதைத் தாங்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் கழுத்து நிமிர்கிறது, மூச்சு சீராகிறது, மீதி வழி எவ்வளவு என்று பார்க்க முடிகிறது. மனத்தின் சுமைக்கும் இத்தகைய ஒரு கல் உண்டு. நாள்தோறும் சில வரிகள் எழுதிவைக்கும் நாட்குறிப்பே அது.

நமது அங்கத்தினர்களின் மனச்சுமை எத்தகையது என்பதை நாம் அறிவோம். ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டில் சாமை விதைத்தவருக்கு மழை பற்றிய கவலை; கதிர் முற்றியபின் காட்டுப்பன்றி பற்றிய கவலை; புளியைத் திருப்பத்தூருக்கு இறக்கியபின் விலை பற்றிய கவலை. சமவெளியில் தறியில் அமர்ந்திருப்பவருக்கோ பாவு வருமா, கூலி கைக்கு வருமா, மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஊறினால் என் செய்வது என்ற கவலை. இவற்றோடு வட்டி, மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்பு. இவற்றில் எதுவும் புதிதன்று. ஆயினும் எல்லாம் ஒன்றாகத் திரண்டு, இரவில் படுத்தவுடன் நெஞ்சின்மேல் ஏறி அமரும்போதுதான் மனிதன் தளர்கிறான். மறுநாள் அத்தளர்ச்சி மனைவி மக்கள்மீது கோபமாகப் பாய்கிறது. இழை அறுந்தது தெரியாமல் நெய்யும் கைப்பிழையாகவும் வெளிப்படுகிறது.

இதன் காரணம் யாது? சிக்குண்ட நூற்கண்டை அவசரமாக இழுத்தால் முடிச்சு இறுகும் என்பது நெசவாளர் அனைவரும் அறிந்ததே. முதலில் ஒரு நுனியைக் கண்டுபிடிக்க வேண்டும். பின்னர் ஒவ்வோர் இழையாகப் பிரிக்க வேண்டும். மனத்திற்குள் சுழலும் கவலைக்கு நுனி கிடைப்பதில்லை. ஒன்றை நினைத்தால் மற்றொன்று தொடர்ந்து வருகிறது. எழுதும்போதோ ஒரு சமயத்தில் ஒரு சொல்லைத்தான் எழுத முடியும். ஒன்று முடிந்தபின்தான் அடுத்ததற்குப் போக முடியும். கை மெதுவாக நகர்வதால் மனமும் மெதுவாகிறது. "எல்லாம் கெட்டுப்போயிற்று" என்று நெஞ்சு சொன்னதைக் காகிதத்தில் வைத்துப் பார்த்தால், கெட்டவை இரண்டு, கெடாதவை ஐந்து என்று தெரியவரும்.

நாட்குறிப்பு எழுதுவது நமக்கு அந்நியமான பழக்கமும் அன்று. புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ஆம் ஆண்டில் பிறந்தவர், வணிகர், 1747 முதல் பிரெஞ்சுக்காரரின் தலைமைத் துபாஷாகப் பணியாற்றியவர். 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி தமிழில் தம் நாட்குறிப்பைத் தொடங்கினார். 1761-இல் அவர் மறையும் வரையான ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளின் செய்திகளை அதில் காண்கிறோம். கப்பல் வந்ததும் போனதும், துணி வாணிகத்தின் ஏற்ற இறக்கமும், யுத்தச் செய்திகளும் அதில் உள்ளன. அவற்றோடு, பதவிக்காகத் தமக்கு எதிராக நடந்த சூழ்ச்சிகளையும், தமக்கு நேர்ந்த மனவருத்தங்களையும் அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். பெரும் பதவியில் இருப்பவர் வெளியே பேச முடியாதவற்றை ஏட்டில் பேசினார் எனலாம். இன்று அது சரித்திர ஆசிரியர்களுக்குப் பொக்கிஷமாக விளங்குகிறது. நம்முடைய ஏடு சரித்திரமாக வேண்டியதில்லை. நமக்கு உதவினால் போதும்.

இப்பழக்கத்தின் பயனை அறிஞர்கள் சோதித்தும் பார்த்திருக்கின்றனர். அமெரிக்க உளநூலாரான ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்பவரும் அவருடைய மாணவி ஒருவரும் 1986-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிஷம் எழுதினர். தம்மைப் பாதித்த நிகழ்ச்சியையும் அதனால் உண்டான உணர்ச்சியையும் சேர்த்து எழுதியோர், எழுதி முடித்தவுடன் சற்று வருத்தமுற்றனர். ஆனால் பின்வந்த மாதங்களில், சாதாரண விஷயங்களை எழுதியோரைவிட மருத்துவரிடம் குறைவாகவே சென்றனர். 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வில் 57 இளைஞர்கள் கலந்துகொண்டனர். படுக்கும் முன் ஐந்து நிமிஷம், இனிச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியோர், முடித்த வேலைகளை எழுதியோரைவிடச் சுமார் ஒன்பது நிமிஷம் முன்னதாக உறங்கினர். முடியாத வேலையே மனத்தைக் குடைகிறது; அதை ஏட்டில் ஒப்படைத்துவிட்டால் மனம் காவல் காக்க வேண்டியதில்லை.

ஆயினும் மிகைப்படுத்திச் சொல்லுதல் கூட்டுறவாளர்க்கு அழகன்று. இத்தகைய 146 ஆய்வுகளை ஒருங்கே சேர்த்து 2006-இல் நிறுத்துப் பார்த்தபோது, பயன் உண்டு, ஆனால் சராசரியில் அது சிறியதே என்று புலனாயிற்று. செலவோ ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும். அந்தச் செலவுக்கு அந்தப் பயன் குறைவன்று.

எழுதும் முறையைக் கூறுவோம். பற்றுவரவுப் புத்தகம் வேறு, இந்த ஏடு வேறு, இரண்டையும் கலக்கலாகாது. இரவுச் சாப்பாட்டிற்குப் பின் பத்து நிமிஷம் போதும். முதலில் தேதி. அடுத்து, இன்று நடந்தது யாது என்று இரண்டு மூன்று வரிகள். பிறகு, அதனால் மனத்தில் எழுந்தது யாது என்று ஒளிக்காமல் எழுத வேண்டும். கோபமானால் கோபம், பயமானால் பயம், வெட்கமானால் வெட்கம். இறுதியாக, நம் கையில் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்து, கையில் உள்ளதற்கு நாளை செய்யும் ஒரு செயலைக் குறிக்க வேண்டும். எழுத்துப் பிழையைப் பற்றி அஞ்ச வேண்டாம், இது பரீட்சையன்று.

உதாரணமாக ஓர் அங்கத்தினரின் ஏட்டில் இப்படி இருப்பதாகக் கொள்வோம்: "இன்று புளி விலை குறைந்தது. தவணை கட்ட இன்னும் 23 நாள். வீட்டிற்கு வந்து காரணமில்லாமல் பையனை அடித்தேன். அவன் அழுதது பொறுக்கவில்லை. விலை என் கையில் இல்லை. தவணை நாளைத் தள்ளிவைக்க வழியுண்டா என்று சங்கத்தில் கேட்பது என் கையில் உள்ளது. நாளைக் காலை போவேன். பையனைச் சந்தைக்கு அழைத்துப் போவேன்." கடன் ஒரு காசும் குறையவில்லை. ஆனால் இருட்டில் பேயாக நின்ற பயம், 23 நாள் என்ற ஓர் எண்ணாகச் சுருங்கிற்று. கோபம் யார்மீது தவறாக இறங்கியது என்பதும் தெரிந்துவிட்டது.

எழுதப் பழகாதவர் மனந்தளர வேண்டாம். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லி எழுதச் செய்யலாம். ஆயினும் வீட்டுச் சண்டையையும் கடன் பயத்தையும் சிறுபிள்ளையிடம் சொல்லி அதன் தலையில் அச்சுமையை ஏற்றுதல் தகாது. ஒருவர் ஏட்டை மற்றவர் படிக்கலாகாது என்பது குடும்பத்தில் விதியாக இருக்கட்டும். மனைவியின் ஏட்டைக் கணவன் பிரித்துப் பார்க்கும் வீட்டில் எந்த ஏட்டிலும் உண்மை இராது. எழுதியதை வைத்திருக்க விருப்பமில்லையெனில் அடுப்பிலிட்டு விடலாம்; எழுதியதின் பயன் அதனால் கெடுவதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எழுத எழுத அதே துயரம் வளர்ந்துகொண்டே போகுமாயின், நிறுத்திவிட வேண்டும். இரண்டு வாரத்திற்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டிருந்தாலும், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தோன்றினாலும், ஏட்டை நம்பியிராமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தை நாட வேண்டும். 2022-இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் என்னும் அரசாங்க மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். காய்ச்சலுக்கு மருந்து கேட்பதில் வெட்கமில்லை. இதிலும் வெட்கத்திற்கு இடமில்லை.

இறுதியாக ஒரு வார்த்தை. பலருடைய ஏடுகளில் ஒரே குறை மீண்டும் மீண்டும் வருமாயின், அது தனிமனிதர் சுமையன்று, சங்கத்தின் சுமை. கூலித் தாமதமும் விலை வீழ்ச்சியும் எழுதி ஆற்றிக்கொள்ளத்தக்கவை அல்ல. பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கத்தக்கவை. எப்போது, எவ்வளவு, எத்தனை நாள் என்று தேதியோடு குறித்து வைத்தவரின் பேச்சு அங்கே எடுபடும். ஆகவே அங்கத்தினர்கள் இன்றிரவே ஒரு பக்கம் எழுதிப் பார்ப்பார்களாக. சுமையை இறக்கி இளைப்பாறியவனே, எது தன் சுமை, எது பிறரோடு சேர்ந்து தூக்க வேண்டிய சுமை என்று அறிந்து நடப்பான்.