சிறுவர் கையில் சில்லறை

நம் சங்கத்து இல்லங்கள் பலவற்றில் மாதம் ஒரு முறையே சம்பளம் வருகின்றது. வந்த சில நாட்களிலேயே அது வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகைக் கடை பாக்கி, ஊரிலுள்ள பெற்றோர்க்கு அனுப்பும் தொகை எனப் பிரிந்துவிடுகின்றது. இவற்றையெல்லாம் பெரியவர்கள் நாமே பேசி முடித்துவிடுகின்றோம். கேட்டால் கிடைக்கும், அல்லது கேட்டால் அதட்டுவார்கள் என்பது மட்டுமே குழந்தைகட்குத் தெரிகின்றது.

முன்னாளில் பணம் கண்ணுக்குத் தெரிந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தபொழுது, 16 அணா ரூபாய் 100 பைசா ரூபாயாயிற்று. கடைக்குப் போகும் சிறுவரும் அக்கணக்கை அறிய வேண்டியிருந்தது. 2016இல் யு.பி.ஐ. முறை வந்தபின், தந்தை கைப்பேசியை நீட்டுகின்றார், பொருள் வருகின்றது. பணம் குறைவதைக் குழந்தை காண்பதில்லை. ஆகவே அதனைக் காட்டுவது நம் கடமையாகின்றது.

எங்கள் ரயில்வே பயணச்சீட்டு அலுவலகத்தில் ஒரு முறையுண்டு. பணி தொடங்குமுன் எழுத்தர் தம் சொந்தக் கையிருப்பை எழுதிவைக்க வேண்டும். முடிவில் விற்ற சீட்டும் பெட்டியிலுள்ள பணமும் ஒத்துவர வேண்டும். குறைந்தால் அவரே ஈடு செய்ய வேண்டும். இதனை வீட்டிலும் கைக்கொள்ளலாம். வாரந்தோறும் ஒரு சிறு தொகை கொடுத்து, செலவை எழுதச் சொல்வோம். பேருந்துக் கட்டணமும் நோட்டுப் புத்தகமும் நம் பொறுப்பு. மற்றவை அவர்கள் பொறுப்பு. புதன்கிழமையே தீர்ந்துவிட்டால் அடுத்த வாரம் வரை காத்திருக்கட்டும். இரங்கி மேலும் கொடுத்தால், தீர்ந்த பணம் தானே திரும்பும் என்பதே அவர்கள் கற்கும் பாடமாகும். தொலைத்ததை உண்மையாகச் சொன்னால் அதட்டலாகாது. அதட்டினால் அடுத்த முறை பொய்க்கணக்கே வரும்.

கோடை விடுமுறையில் ஊர் செல்லும் செலவையும் அவர்களே கணக்கிடட்டும். 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாமெனில் சீட்டுத் தேவையில்லை. 5 முதல் 12 வயதுக்குட்பட்டோர்க்குத் தனிப் படுக்கை வேண்டாமெனில் அரைக் கட்டணம்; வேண்டுமெனில், 2016 ஏப்ரல் முதல் முழுக் கட்டணம். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னரே தொடங்குகின்றது. அந்நாளுக்குள் தொகை சேர மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும்? இதைவிட நல்ல கணக்குப் பாடம் வேறில்லை.

10 வயது நிறைந்தவர் அஞ்சலகத்தில் தம் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். தொடக்கத் தொகை 500 ரூபாய். நமக்கு மாற்றலானாலும் அக்கணக்கைப் புதிய ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாவற்றினும் மேலாக, ஊருக்கு அனுப்பும் பணத்தைப் பற்றிச் சொல்வோம். பாட்டியின் மருந்துக்கு இவ்வளவு, தாத்தாவின் கண்ணாடிக்கு இவ்வளவு என்று அறியாத குழந்தை, தன் பெற்றோரைக் கஞ்சர் என்றே எண்ணி வளரும். அறிந்த குழந்தையோ, தான் கேட்ட பொம்மை ஏன் தள்ளிப் போயிற்றென்று உணரும். நாளைத் தான் சம்பாதிக்கும்போது நம்மையும் நினைக்கும். வரும் சம்பள நாளன்று, குழந்தைகளையும் அருகில் அமர்த்திக்கொண்டு கணக்கெழுதத் தொடங்குவோமாக.