கல்லூரி மூடினாலும் பாடம் நிற்காமலிருக்க

மகாராஷ்டிரத்தின் முதல் கொரோனா தொற்று 2020 மார்ச் 9 அன்று புனேயில்தான் உறுதியானது. மாதம் முடிவதற்குள் நாடே ஊரடங்கில் இருந்தது. ஜூம், வாட்ஸ்அப் என்று கிடைத்ததை வைத்து ஆசிரியர்கள் பாடத்தை எப்படியோ தொடர்ந்தார்கள். இழுபறியானது தேர்வு.

இறுதியாண்டுத் தேர்வு வேண்டாம் என்று மாநில அரசு முடிவெடுத்தது. செப்டம்பர் 30க்குள் நடத்தியாக வேண்டும் என்று ஜூலை 6 அன்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொன்னது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கலாம், தேர்வே இல்லாமல் தேர்ச்சி தர முடியாது என்று ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகம் அக்டோபரில்தான் தேர்வை நடத்தியது. வேலைக்கும் மேற்படிப்புக்கும் காத்திருந்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய தவிப்பு!

அதனால், கல்லூரி மூடினால் என்ன செய்வது என்று மாற்றுத் திட்டம் எழுத உட்காரும் எந்தத் துறையும் மதிப்பெண்ணிலிருந்து தொடங்க வேண்டும். வீடியோ வகுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். செமஸ்டர் தேர்வு நடக்காவிட்டால் எதை வைத்து மதிப்பிடுவது? 2020 ஏப்ரலில் யுஜிசி ஒரு வழி சொன்னது: நிலைமை சீராகாத இடங்களில், இறுதியாண்டுக்கு முந்தைய மாணவர்களுக்குப் பாதி மதிப்பெண்ணை இன்டர்னல் மதிப்பீட்டிலிருந்தும் மீதியை முந்தைய செமஸ்டரிலிருந்தும் எடுக்கலாம். இன்டர்னல் தேர்வையும் அசைன்மென்ட்டையும் கடைசி வாரத்துக்கு ஒதுக்கிவைத்த ஆசிரியரிடம் அந்தப் பாதி எங்கிருந்து வரும்? அவற்றைச் செமஸ்டர் முழுக்கப் பரப்பி வைப்பதே பாதுகாப்பு. கருவி இல்லாமல் முடியாத பிராக்டிகல்களை முன்கூட்டியே முடித்துவிடுவதும் அப்படித்தான்.

விடுதியை மூடினால் மாணவர்கள் லாத்தூர், நந்துர்பார் போன்ற சொந்த ஊர்களுக்குத் திரும்பிவிடுவார்கள். அங்கே ஒரே போனை வீடே பகிர்ந்துகொள்ள நேரலாம். நேரலை வகுப்பை மட்டும் நம்பினால் அவர்கள் விடுபட்டுப்போவார்கள். சிக்னல் கிடைக்கும்போது இறக்கிக்கொள்ளும்படி சின்ன பிடிஎஃப், சின்ன ஒலிப்பதிவு போதும்.

எல்லாத் தடங்கலுக்கும் ஆன்லைன் மருந்தாகாது. 2024 ஜூலை 25 அன்று கனமழையோடு கடக்வாஸ்லா அணை நீரும் சேர்ந்து புனேயின் சிங்ககட் சாலைப் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. வீட்டில் தண்ணீர் நிற்கும் பிள்ளையிடம் லாகின் செய்யச் சொல்வது கொடுமை. ஓரிரு நாள் தடைக்கு, கால அட்டவணையில் முதலிலேயே விட்டுவைத்த சில காலி நாட்கள் போதும். வாரங்கள் நீண்டால்தான் மாற்று ஏற்பாடு தேவை. எத்தனை நாளுக்குப் பிறகு அது தொடங்கும், யார் அறிவிப்பார், எந்த வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பார் என்பதை முதல் வாரமே மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.