பெயரும் ஓர் உடைமையே
எத்தியோப்பியக் காப்பி விவசாயிகளும் தரும ஸ்தாபனங்களின் துணையும்

பஞ்ச காலத்தில் உணவும் மருந்தும் அனுப்புவதே வெளிநாட்டுத் தரும ஸ்தாபனங்களின் பணி என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். அப்பணி இன்றியமையாததே. ஆயினும் வந்த தானியம் தீர்ந்த மறுநாள் உழவன் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறான். அவன் வாழ்வு நிலையாக உயர வேண்டுமாயின், தன் உழைப்பின் பயனைத் தானே பெறும் உரிமை அவனுக்கு இருத்தல் வேண்டும். அவ்வுரிமைக்குத் துணை நிற்பதையே மனித உரிமை நோக்குடைய ஸ்தாபனங்கள் பல இன்று தம் கடமையாகக் கொண்டுள்ளன. இதன் பயனை அறிவதற்கு எத்தியோப்பிய நாட்டுக் காப்பி விவசாயிகளின் வரலாறு தக்க சான்றாகும்.

அராபிக்கா காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. சுமார் ஒன்றரைக் கோடி மக்கள் அங்குக் காப்பியை நம்பி வாழ்கின்றனர். பெரும்பாலோர் சிறு நிலம் உடையவர்கள். ஹரார், சிடாமோ, யிர்கச்செஃபே ஆகிய பகுதிகளில் விளையும் காப்பி, மணத்திற்கும் சுவைக்கும் உலகப் புகழ் பெற்றது. புகழ் இருந்தும் விலை இல்லை. நாடுகளின் ஏற்றுமதிக்கு அளவு வகுத்து விலையைத் தாங்கி நின்ற சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை 1989-இல் கைவிடப்பட்டது. அதன்பின் விலை நிலை தடுமாறி, 2001, 2002-ஆம் ஆண்டுகளில் அதலபாதாளத்திற்கு வீழ்ந்தது. ஆனால் அந்நிய நாட்டுக் கடைகளில் உயர்ரகக் காப்பியின் விலை அவ்வாறு விழவில்லை. அமெரிக்காவில் ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம், 26 டாலர் வரை விற்ற இக்காப்பிக்கு, விளைவித்தவன் கையில் இரண்டு டாலர்கூடச் சேரவில்லை.

இந்த வேறுபாட்டிற்குக் காரணம் என்ன? வறுத்தல், கப்பற்கூலி, கடை வாடகை ஆகியன ஒருபுறம் இருக்க, காப்பியின் பெயருக்கென்றே வாங்குவோர் அதிக விலை கொடுத்தனர். அப்பெயர் விளைவித்தவர்க்கு உரிமையாக இல்லை. ஆகவே பெயரின் மதிப்பு முழுவதும் வியாபாரிகளிடமே தங்கிற்று.

இதனை உணர்ந்த எத்தியோப்பிய அரசாங்கம், 2005-இல் இம்மூன்று பெயர்களையும் ‘டிரேட் மார்க்’ என்னும் வியாபாரக் குறிகளாகப் பதிவு செய்ய அமெரிக்காவில் விண்ணப்பித்தது. யிர்கச்செஃபே பதிவாயிற்று. மற்ற இரண்டிற்கும் அமெரிக்கக் காப்பி வியாபாரிகள் சங்கம் ஆட்சேபம் தெரிவித்தது. அவை பொதுப் பெயர்கள் என்று கூறி முதலில் பதிவு மறுக்கப்பட்டது. ஸ்டார்பக்ஸ் என்னும் பெரிய நிறுவனம், சிடாமோ என்ற சொல் அடங்கிய பெயரொன்றைத் தனக்கெனப் பதிவு செய்ய 2004-லேயே விண்ணப்பித்திருந்து, 2006-இல் அதனைக் கைவிட்டது. ஊரைக் குறிக்கும் சான்றுக் குறி போதுமே என்பது அந்நிறுவனத்தின் வாதம். நமது காஞ்சிபுரம் பட்டு பெற்றுள்ள புவிசார் குறியீடு ஏறக்குறைய அவ்வகையினது. ஆனால் எண்ணற்ற சிறு நிலங்களிலிருந்து வரும் மூட்டைகளையெல்லாம் சோதித்துச் சான்று வழங்கும் செலவு விவசாயிகளின் தலையிலேயே விழும் என்று எத்தியோப்பியர் விடையிறுத்தனர்.

இவ்விடத்தில்தான் வெளித் துணை பயன்பட்டது. வாஷிங்டனிலுள்ள லைட் இயர்ஸ் ஐ.பி. என்னும் தொண்டு ஸ்தாபனம் பதிவுத் திட்டத்தை வகுப்பதில் ஆலோசனை அளித்தது. அமெரிக்க வழக்கறிஞர் நிறுவனம் ஒன்று கட்டணமின்றி உழைத்தது. கிரேக்க நாட்டுப் பஞ்சத்தை முன்னிட்டு 1942-இல் ஆக்ஸ்போர்டு நகரில் தோன்றிய ஆக்ஸ்பாம், 2006 இறுதியில் இச்செய்தியைக் காப்பி அருந்தும் பொதுமக்களிடம் கொண்டு சென்றது. தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்டோர் ஸ்டார்பக்ஸ் நிறுவனத்திற்குத் தம் கருத்தைத் தெரிவித்தனர். 2007 ஜூன் மாதத்தில் அந்நிறுவனம் எத்தியோப்பியாவுடன் உடன்படிக்கை செய்து, அப்பெயர்கள் எவர்க்கு உரியன என்பதை ஏற்றுக்கொண்டது. மற்ற இரு பெயர்களும் பின்னர்ப் பதிவாயின. பெயரைப் பயன்படுத்துவதற்கு எத்தியோப்பியா கட்டணம் கேட்கவில்லை. பெயரின் மதிப்பை வளர்ப்பதில் வியாபாரிகளும் பங்குகொள்ள வேண்டும், அதனால் பேரத்தில் தன் நிலை உயர வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஆனால் பெயர் பதிவானவுடன் பணம் தானே விவசாயியின் வீட்டைத் தேடி வந்துவிடாது. அதற்கு இடையே நம்பத்தக்க ஒரு சங்கம் வேண்டும். 1999-இல் 34 சங்கங்கள் சேர்ந்து அமைத்த ஒரோமியா காப்பி விவசாயிகள் கூட்டுறவு யூனியன் அத்தகையது. இடைத்தரகரை விலக்கி நேரே ஏற்றுமதி செய்து, லாபத்தில் நூற்றுக்கு எழுபது பங்கை அங்கத்துவச் சங்கங்களுக்கே திருப்பித் தருவது அதன் விதி. நியாய வாணிபம் வழியாகக் கிடைத்த உபரித் தொகையால் பள்ளிகளும், சுகாதார நிலையங்களும், குடிநீர் வசதிகளும் கிராமங்களில் ஏற்பட்டன. 2008-இல் அந்நாட்டில் சரக்குப் பரிவர்த்தனைச் சந்தை ஏற்பட்டபோது, தனி வியாபாரிகளின் காப்பி அதன் வழியே சென்று, பகுதியும் தரமும் பார்த்து ஒன்றாகக் கலக்கப்பட்டது. கூட்டுறவு யூனியன்களுக்கோ நேரே ஏற்றுமதி செய்யும் உரிமை நீடித்தது. அதனால் இன்ன சங்கத்தின் காப்பி இது என்று எடுத்துக்காட்டி நல்ல விலை பேச அவற்றால் முடிந்தது.

உலகச் சந்தையின் ஏற்றத்தாழ்வு இன்றும் அவ்விவசாயிகளை வருத்தாமலில்லை. வறுமை முற்றிலும் நீங்கிவிடவுமில்லை. ஆயினும் வெளியார் துணை எங்குத் தொடங்கி எங்கு முடிய வேண்டும் என்பதை இவ்வரலாறு தெளிவாக்குகிறது. உரிமையைக் கோரியவர்கள் எத்தியோப்பியர்கள். தரும ஸ்தாபனங்கள் அறிவையும் குரலையும் தந்து உதவின. வழி முடிந்ததும் விலகி நின்றன. கிடைத்த பயனை அங்கத்தினர்க்குப் பங்கிட்டு அளித்தவை கூட்டுறவுச் சங்கங்களே.

நெய்யும் துணிக்கும் விளையும் பண்டத்திற்கும் ஊர்ப் பெயரால் மதிப்புத் தேடும் நமக்கு இதில் பாடம் உண்டு. பெயரைப் பதிவு செய்வதோடு நில்லாது, அப்பெயரால் வரும் அதிக விலையில் தறியடியிலும் வயலிலும் உழைப்பவர்க்கு எவ்வளவு சேர்கிறது என்று சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஆண்டுதோறும் கேட்டறிவது அங்கத்தினர் ஒவ்வொருவரின் உரிமை; கடமையுமாகும்.