உலை மூட்டும் முன் காற்றைப் பாருங்கள்

பொழுதுபோக்காக இரும்படிக்க விரும்புவோர் முதலில் சம்மட்டியைத் தேடுவது வழக்கம். உண்மையில் முதல் தேவை காற்றோட்டம். கரியானாலும் எரிவாயுவானாலும், உலை எரியும்போது கார்பன் மோனாக்சைடு வெளியாகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஆகவே மூடிய அறை வேண்டாம். பக்கங்கள் திறந்த கொட்டகையே நல்லது. அதன் நிழலில் பழுக்கக் காய்ந்த இரும்பின் நிறமும் தெளிவாகத் தெரியும்.

பட்டறைக்கல்லுக்குப் பழைய தண்டவாளத் துண்டு போதும். கையைத் தொங்கவிட்டு நின்றால் விரல்முட்டி தொடும் உயரத்தில் அதை அமையுங்கள். சுத்தியல், குறடு, பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு வாளித் தண்ணீர் இருந்தால் தொடங்கிவிடலாம்.

பழைய இரும்பைப் பொறுக்கும்போது கவனம் தேவை. துத்தநாகம் பூசிய குழாயை உலையில் வைக்காதீர்கள். துத்தநாகம் 907 பாகை செல்சியஸில் கொதிக்கும். உலைச் சூடு அதைத் தாண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் பிடிக்கும்.